ஓர் எஸ், ஒரு வயல், இரண்டரை வருடம்: சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே பயோடெக் எம்எஸ்சி

பட்டம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னமும் படிப்பை நடத்திய ஆபீஸ் முகவரியிலிருந்து மின்னஞ்சல் வந்தால் வயிற்றைப் பிசைகிறது. "வேலையை விடாமல் பயோடெக் எம்எஸ்சி பண்ணலாமா அண்ணே?" என்று இதுவரை ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். படித்த இடத்தின் பெயரும் வேலை செய்யும் இடத்தின் பெயரும் இதில் வராது. தனியாகவும் கேட்காதீர்கள்.

துவாஸில் ஒரு மருந்து ஆலையில், செல் வளர்க்கும் பிரிவில் இருக்கிறேன். எஸ் பாஸ், அதாவது நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி. 12 மணி நேர ஷிஃப்ட். நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. பகலும் இரவும் மாறி மாறி வரும். ஊரில் பி.டெக். பயோடெக் முடித்தவன். செல் வளர்க்கும் தொட்டியான 2,000 லிட்டர் பயோரியாக்டருக்குப் பக்கத்தில் நின்று, எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடியே செய்து, கையெழுத்துப் போட்டு, சரிபார்த்ததற்கு இன்னொருவரிடமும் கையெழுத்து வாங்குவதுதான் என் வேலை. அதை எழுதிக் கொடுப்பவர்கள் மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் எம்எஸ்சியோ பிஎச்டியோ இருக்கிறது. எனக்கும் மாடிக்குப் போக ஆசை, அவ்வளவுதான்.

வேலை பாஸில் இருந்துகொண்டு பகுதிநேரமாகப் படிக்க மாணவர் பாஸ் தேவையில்லை. முழுநேரமாகப் படிக்க வருகிறவர்கள் மாதிரி குடிநுழைவு ஆணையத்தின் இணையப் பக்கம், மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று அலைய வேண்டியதில்லை. இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதற்கு முன் மறுபக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ் பாஸ் முதலாளியோடு கட்டப்பட்டது. நடுவில் வேலை போனால் பாஸ் ரத்தாகும், வழக்கமாக 30 நாள் கெடு கிடைக்கும், அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கட்டிய கட்டணம் நம்மோடு விமானம் ஏறாது. இரண்டரை வருடமும் மேலாளர் முகம் கொஞ்சம் சுருங்கினால்கூட எனக்கு நினைவுக்கு வந்தது அடுத்த பருவக் கட்டணம்தான்.

முதல் அடி பெயரில் விழுந்தது. விண்ணப்பப் பக்கத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம், கட்டாயம் நிரப்ப வேண்டியது. என் கடவுச்சீட்டில் அந்த இடம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து 'இயற்பெயர்' இடத்தில் கிடக்கின்றன. ஊரில் வாங்கிய சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் என் பெயருக்குப் பின்னால் வெறும் ஓர் 'எஸ்'. கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போக மறுத்தது. கோடு போட்டேன், மறுத்தது. ஒரு புள்ளி வைத்தேன், போனது. மறுநாள் வந்த மின்னஞ்சல் "அன்புள்ள திரு. ." என்று தொடங்கியது. அறைத் தோழர்கள் என்னை ஒரு மாதம் 'மிஸ்டர் டாட்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் கேள்வி வந்தது: சான்றிதழில் இருப்பவரும் கடவுச்சீட்டில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரம் என்ன? படிப்பு ஆபீஸுக்கு ஃபோன் போட்டேன்.

"இந்த எஸ் என்றால் என்ன?" என்றார் அந்த அம்மா.

"என் அப்பா பெயரின் முதல் எழுத்து."

"அப்படியானால் அதுதான் குடும்பப் பெயர்."

"இல்லை, அது அப்பா பெயர்."

"சரி, அப்பாவின் குடும்பப் பெயர் என்ன?"

"அவருக்கும் கிடையாது. அவர் பெயருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் முதல் எழுத்து இருக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்தானே?"

நாலு தலைமுறைக்குத் தமிழர் பெயர் வைக்கும் முறையை ஃபோனில் விளக்கியும் பலன் இல்லை. கடைசியில், உறுதிமொழி ஆணையர் முன்னால் உட்கார்ந்து, இந்த எஸ்ஸும் அந்தப் பெயரும் ஒன்றுதான், இரண்டும் நான்தான் என்று சத்தியம் செய்து முத்திரை வாங்கி அனுப்பினேன். பணமும் அரை நாளும் போயின. பின்னால்தான் ஒரு சீனியர் சொன்னார்: என் இந்தியக் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் தனியாக அச்சாகியிருக்கிறது. முதல் பக்கத்தோடு அதையும் ஸ்கேன் செய்து, இரண்டு வரி விளக்கமும் சேர்த்து முதலிலேயே அனுப்பியிருந்தால் கேள்வியே வந்திருக்காதாம். நான் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பியிருந்தேன். நீங்கள் இரண்டையும் அனுப்புங்கள்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "என் பேரு உனக்கு இடைஞ்சலா இருக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் அவரிடமே அடுத்த உதவிக்குப் போக வேண்டி வந்தது. மதிப்பெண் பட்டியல் நகல் போதாது, ஊரில் படித்த பல்கலைக்கழகம் தருகிற டிரான்ஸ்கிரிப்ட், அதாவது அதிகாரபூர்வ மதிப்பெண் அறிக்கை, வேண்டும், அதுவும் ஒட்டிய உறையில், உறையின் மடிப்பின் மேல் முத்திரையோடு. நான் இங்கே. அப்பா மன்னார்குடியில். ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போனார். முதல் நாள், சம்பந்தப்பட்ட எழுத்தர் விடுப்பு. இரண்டாம் நாள் எழுத்தர் இருந்தார், சலான் வேறு வங்கியில் கட்ட வேண்டும் என்றார். கட்டிவிட்டு வந்தால் சாப்பாட்டு நேரம். மூன்றாம் நாள் மாலை கவர் கைக்கு வந்தது. 67 வயது மனிதர் மூன்று நாளும் அத்தை வீட்டுத் திண்ணையில் படுத்து எழுந்து அலைந்தார்.

கவர் கூரியரில் சிங்கப்பூர் வந்தது. பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கவுண்டரில் கொடுத்தேன். அங்கிருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மடிப்பை விரலால் தடவினார். "இது ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கிறது" என்றார். நான் இல்லவே இல்லை என்று சண்டைக்குப் போனேன். வெளியே வந்து அப்பாவுக்கு அடித்தேன்.

"ஆமாம்ப்பா, பிரிச்சேன். உள்ள உன் மார்க்குதான் இருக்கா, வேற எவன் மார்க்கையாவது வெச்சுட்டானான்னு பாக்க வேணாமா? பாத்துட்டு நல்லாத்தான் ஒட்டினேன்."

"எதால ஒட்டினீங்க?"

"சோத்துப் பருக்கையாலதான். பசையைவிடக் கெட்டியா புடிக்கும்."

அவர் சந்தேகத்தில் நியாயம் உண்டு. மூன்று நாள் அலையவிட்ட ஆபீஸை எதை நம்பி நம்புவது? ஆனாலும் மறுபடி ஒரு மன்னை எக்ஸ்பிரஸ், மறுபடி ஒரு சலான். இந்த முறை மூன்று கவர் வாங்கச் சொன்னேன். நீங்களும் எடுத்த எடுப்பிலேயே மூன்றோ நான்கோ வாங்கிவிடுங்கள். கூடவே ஊரில் இருப்பவர்களிடம் கவரைப் பிரிக்கக் கூடாது என்று ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிடுங்கள், காரணத்தோடு.

ஆங்கிலத் தேர்வில் ஒரு சின்ன இடறல்: 2019இல் எழுதிய ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணை நம்பி இருந்தேன். அது இரண்டு வருடம்தான் செல்லும். மறுபடி பணம் கட்டி மறுபடி எழுதினேன். நேர்காணல் 20 நிமிடம், நன்றாகப் போனது. இடம் கிடைத்தது.

கட்டணத்தைப் பற்றி ஒன்று மட்டும். 2022 ஆகஸ்டில் சேர்ந்தபோது பொருள் சேவை வரி 7 விழுக்காடு. 2023இல் 8. 2024இல் 9. ஒரே பட்டத்துக்கு மூன்று விதமாக வரி கட்டியவன் நான். வகுப்பில் இருந்த சிங்கப்பூரர்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்கிற அரசுப் பயிற்சி உதவி, சலுகை, முதலாளி உதவி என்று பேசிக்கொள்ளும்போது நான் கோப்பியை ஊதிக் குடித்துக்கொண்டிருப்பேன். நமக்கு அதெல்லாம் கிடையாது. முழுத் தொகையையும் சேர்த்து வைத்துவிட்டு இறங்குங்கள், அதற்கு மேல் ஒரு பருவத்துக்கான பணமும் தனியாக இருக்கட்டும். ஏன் என்று பின்னால் தெரியும்.

வகுப்புகள் வார நாட்களில் மாலை. பகல் ஷிஃப்ட் வாரங்களில் போக முடியாது, இரவு ஷிஃப்ட் வாரங்களில் பாதி வகுப்போடு கிளம்ப வேண்டும். சக ஊழியர்களோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்வேன். அதற்கு விலை உண்டு. தேக்காவில் பிரியாணி வாங்கிக் கொடுப்பது சின்ன விலை. பெரிய விலை தீபாவளி. 2023 தீபாவளி இரவு முழுக்க நான் ஆலையில் இருந்தேன், அந்த மாதத் தேர்வு நாளுக்கு ஈடாக. துவாஸ் லிங்க்கில் ரயில் ஏறினால் உட்கார இடம் நிச்சயம். உட்கார்ந்தால் தூக்கமும் நிச்சயம். ஒருமுறை கண் விழித்துப் பார்த்தால் பாசிர் ரிஸ். தீவின் இந்த மூலையில் ஏறி அந்த மூலையில் இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தது என்ன என்று இன்றுவரை தெரியாது.

பாடங்களில் ஆலை ஒழுங்குமுறை, சுத்திகரிப்பு, செல் வளர்ப்பு எல்லாம் நமக்குக் கைப்பழக்கம். புத்தகம் திறக்காமலே பாதி தெரியும். உயிரியல் தரவைக் கணினியில் அலசும் உயிர்த்தகவலியல்தான் பந்தாடியது. 'ஆர்' என்கிற கணினி மொழியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்திருக்கிறேன். ஆலையிலிருந்து வருகிறவர்கள் சேருவதற்கு முன்பே அதில் இரண்டு மாதம் கை பழகிவிட்டு வருவது நல்லது.

இனி திட்டப்பணி. இரண்டு வருடம் இரண்டரை ஆனது இங்கேதான்.

பயன்பாட்டு முதுநிலை என்பதால் வேலை செய்யும் இடத்திலேயே திட்டப்பணி செய்யலாம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். நான் சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். என் யோசனை எளிமையானது. நாங்கள் வளர்ப்பவை சிஎச்ஓ செல்கள், அதாவது சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து 1957இல் எடுத்து வளர்க்கத் தொடங்கிய வம்சம். குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டைக் கழிக்கும். லாக்டேட் ஏறினால் செல்லுக்கும் ஆகாது, அது சுரக்கிற புரதத்துக்கும் ஆகாது. எங்கள் ஆலையின் பழைய உற்பத்தித் தொகுதிகளில் லாக்டேட் எப்போது ஏறியது, ஏன் ஏறியது என்று எண்களை வைத்து அலசுவது. புதிதாக ஒரு சோதனையும் வேண்டாம். மேலாளரிடம் பான்ட்ரியில் கோப்பி குடிக்கும்போது கேட்டேன். "தாராளமாகச் செய்" என்றார். அந்த வார்த்தையை நம்பி மூன்று மாதம் படித்தேன், முன்மொழிவு எழுதினேன்.

படிப்பு நடத்துகிற பக்கம் ஒரு படிவம் கொடுத்தார்கள். நிறுவனத்தின் அதிகாரபூர்வ ஆள் கையெழுத்து, முத்திரை, கூடவே ஒரு நிபந்தனை: ஆய்வேட்டின் பிரதி நூலகத்தில் இருக்கும். மேலாளர் படிவத்தைப் பார்த்தார், தான் கையெழுத்திட முடியாது என்றார். மனிதவளப் பிரிவு சட்டப் பிரிவுக்கு அனுப்பியது. இங்குள்ள சட்டப் பிரிவு ஐரோப்பாவிலுள்ள தலைமையகத்துக்கு அனுப்பியது. ஆறு வாரம் கழித்து அங்கிருந்து பதில்: நூலக நிபந்தனையை எடுத்தால் பரிசீலிக்கலாம். படிப்பு ஆபீஸில் கேட்டேன். பதில்: "படிவத்தில் மாற்றம் செய்ய இயலாது. மேல் விவரங்களுக்குக் கையேட்டைப் பார்க்கவும்." கையேட்டைப் பார்த்தேன். அதில் போட்டிருந்தது: "மேல் விவரங்களுக்கு ஆபீஸைத் தொடர்புகொள்ளவும்."

இப்படியே நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வரி, அதே கையொப்பம். ஒரு நாள் இரவு ஷிஃப்ட் முடிந்து, குளித்துவிட்டு நேராகக் கவுண்டருக்கே போய்விட்டேன். 12.40 ஆகியிருந்தது, 12.30க்கே சாப்பாட்டுக்கு மூடிவிட்டார்கள், இரண்டு மணிக்குத் திறப்பார்கள். எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். விழித்தபோது மணி 5.10. ஷட்டர் இறங்கியிருந்தது. துப்புரவு செய்யும் ஆன்ட்டி என்னை எழுப்ப மனமில்லாமல் என்னைச் சுற்றித் துடைத்துவிட்டு, என் காலடியில் 'தரை ஈரமாக உள்ளது' பலகையை வைத்துவிட்டுப் போயிருந்தார். நான்கு மொழியிலும் எழுதியிருந்தது.

2024 ஜனவரியில் ஐரோப்பாவிலிருந்து முடிவான பதில் வந்தது. முடியாது. ஒரே வரி.

யோசித்துப் பார்த்தால் தலைமையகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் எண்கள், அவர்கள் ரகசியம். என் கோபமெல்லாம் 'வேலையிடத்திலேயே திட்டப்பணி' என்று விளம்பரம் போட்டுவிட்டு, அதற்கு எந்த நிறுவனமும் சுலபமாகக் கையெழுத்துப் போடாத படிவத்தை வைத்திருப்பவர்கள் மேல்தான். சேரும் முன்பே இதைக் கேளுங்கள்: ஆய்வேட்டைச் சில வருடம் பூட்டி வைக்க வழி உண்டா? நிறுவனத்தில் யார் கையெழுத்து செல்லும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் நிறுவனத்திலும் பான்ட்ரி வாக்கை நம்பாதீர்கள். முதல் நாளிலிருந்தே படிக்கிற இடத்து லேபிலேயே செய்யக்கூடிய இரண்டாவது தலைப்பு ஒன்று பையில் இருக்கட்டும். என்னிடம் இல்லை.

ஆகவே பிப்ரவரியில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினேன். புதுத் தலைப்பு: அதே சிஎச்ஓ, அதே லாக்டேட், ஆனால் சின்னக் குலுக்குக் குடுவைகளில். நான்காம் நாள் வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 33க்கு இறக்கினால் செல்கள் வளர்வதைக் குறைத்துக்கொண்டு, நீண்ட நாள் உயிரோடு இருந்து புரதம் சுரக்கும் என்பது பலர் செய்து பார்த்த விஷயம். இந்தக் குறிப்பிட்ட வகையில் லாக்டேட் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் பங்கு. பாதுகாப்புப் பயிற்சி, தேர்வு, ஆபத்து மதிப்பீட்டுப் படிவம், அதில் மூன்று கையெழுத்து என்று மார்ச் போனது.

லேபைப் பார்த்துக்கொள்கிற அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். முதல் நாளே என் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தம்பி, செல்லுக்கு சண்டே தெரியாது லா. ஒனக்கு நைட் ஷிஃப்ட்டுன்னா அது பட்டினி கெடக்குமா?" ஆறு மணிக்கு மேல் தனியாக வேலை செய்யக் கூடாது, துணைக்கு இன்னொருவர் வேண்டும். துணைக்கு ஆள் கிடைக்காத பல சாயங்காலங்கள் அக்காவே தன் பையை மறுபடி கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் அவருடையது.

எனக்கு அப்போது கிடைத்த ஓய்வு நான்கே நாள். அதற்குள் செல்லை உறைநிலையிலிருந்து எழுப்பிவிட வேண்டும். அக்கா அன்று விடுப்பு. பக்கத்து மேசை பிஎச்டி மாணவர், "என்னிடம் அதே வகை ஒரு வயல் மிச்சம் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்றார். வயல் என்றால் உறைந்த செல் இருக்கும் சின்னக் குப்பி. மூடியில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது, பாதி அழிந்திருந்தது. வாங்கினேன். 37 டிகிரி நீரில் ஆட்டி எழுப்பினேன். செல்கள் பிழைத்தன. சந்தோஷமாக இருந்தது.

ஒரு வாரத்தில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஒரு நாளில் இரண்டாகப் பெருக வேண்டியவை கிட்டத்தட்ட 40 மணி நேரம் எடுத்துக்கொண்டன. உயிரோடு இருப்பவற்றின் பங்கு 80களில் தொங்கியது. மீடியா, அதாவது செல் வளரும் ஊட்டத் திரவம், கலங்கவில்லை. நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியவில்லை. குளுக்கோஸைச் சந்தேகப்பட்டேன். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைச் சந்தேகப்பட்டேன். என் பிப்பெட்டைச் சந்தேகப்பட்டு, தண்ணீரை எடை போட்டுச் சரிபார்த்தேன். மீடியாவையே மாற்றினேன். மூன்று வாரம் இப்படி.

அக்கா ஒரு நாள் குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மைக்கோ பாத்தியா?"

மைக்கோபிளாஸ்மா. செல்சுவரே இல்லாத பாக்டீரியா; அதனால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. நாம் வடிகட்டுகிற 0.22 மைக்ரான் சல்லடையிலும் நுழைந்து வந்துவிடும். மற்ற பாக்டீரியா மாதிரி மீடியாவைக் கலக்கிக் காட்டிக்கொடுக்காது. சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்து செல்லின் சாப்பாட்டைத் தின்னும். பிசிஆர் என்கிற மரபணுச் சோதனை போட்டுப் பார்த்தோம். என் மாதிரிகள் எல்லாவற்றிலும் பட்டை, அதாவது தொற்று. பிஎச்டி மாணவருடையதிலும் பட்டை. செல்லை வெதுவெதுப்பாக வைக்கும் அதே இன்குபேட்டரைப் பயன்படுத்திய இன்னும் மூன்று பேருடையதிலும். அத்தனை குடுவையும் நீராவியில் கிருமி கொல்லும் 121 டிகிரி ஆட்டோகிளேவுக்குப் போயின. இன்குபேட்டர் இரண்டு வாரம் பூட்டு. கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தவன் நான்; எல்லோரும் கொண்டுவந்து விட்டவனைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்கள்.

அன்றிரவு அப்பாவிடம் பேசும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வயல் கெட்டுப்போச்சுப்பா, எல்லாத்தையும் அழிச்சுட்டோம்" என்றேன்.

அவர் பதறிப்போனார். "எந்த வயல்? வாய்க்காங்கரை வயலா? நான் காலைலகூடப் பாத்துட்டு வந்தேனே!"

சிரித்துச் சிரித்து அழுகை அடங்கிவிட்டது. சின்ன மருந்துக்குப்பிதான் என்று விளக்கினேன். "அதுக்கு ஏண்டா வயல்னு பேரு வெச்சான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

படுத்த பிறகு இன்னொன்று உறைத்தது, அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. ஆலையில் என் வேலை என்ன? உப்பு மூட்டை உள்ளே வந்தால்கூடப் பகுப்பாய்வுச் சான்று இல்லாமல் கதவைத் தாண்ட விடமாட்டேன். சான்றில் தொகுதி எண் ஓர் எழுத்து மாறியிருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓர் எஸ்ஸுக்காக என்னை அலையவிட்டார்கள், ஒரு கவருக்காக அப்பாவை அலையவிட்டார்கள் என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவன், மூடியில் பேனா மை அழிந்த வயலை ஒரு கேள்விகூடக் கேட்காமல் கைநீட்டி வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு காகிதத்தைக் கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

எவ்வளவு நல்லவர் கொடுத்தாலும் மைக்கோபிளாஸ்மா சோதனை முடிவைக் கண்ணால் பார்க்காமல் வயல் வாங்காதீர்கள். வாங்கினாலும் முதல் இரண்டு வாரம் தனி இன்குபேட்டரில் ஒதுக்கி வைத்து, நீங்களும் ஒருமுறை சோதித்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். நான் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்தேன். திறந்த குடுவைக்கு மேல் பேசுவதையும் நிறுத்துங்கள். நம் வாயில் குடியிருக்கிற மைக்கோபிளாஸ்மா வகையே செல்லுக்குத் தாவும்.

அக்கா திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து சோதித்த வயல் ஒன்றைத் தானே எடுத்துத் தந்தார். இந்த முறை செல்கள் ஒழுங்காக வளர்ந்தன. அடுத்த வில்லன் குடுவைகளைக் குலுக்கும் ஷேக்கர். 37க்கு ஒன்று, 33க்கு ஒன்று என்று ஒரே நேரத்தில் இரண்டு வேண்டும், 14 நாள் தொடர்ச்சியாக. முன்பதிவு திங்கள் காலை ஒன்பதுக்கு இணையத்தில் திறக்கும், ஒன்பது ஐந்துக்குத் தீர்ந்துவிடும். பகல் ஷிஃப்ட் திங்களில் அந்த நேரம் நான் சுத்த அறையில், தலை முதல் கால்வரை உடுப்புக்குள் இருப்பேன், ஃபோன் லாக்கரில். அறைத் தம்பியிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து, எனக்காகப் பதியச் சொன்னேன். கடவுச்சொல்லைக் கொடுக்கக் கூடாது, எனக்கும் தெரியும். பயல் ஐடி வேலைக்காரன், அவனுக்கு எல்லா மெஷினும் ஒன்றுதான். ஷேக்கருக்குப் பதிலாக மாடிக்கே பொதுவான சென்ட்ரிஃபியூஜை 14 நாளும் 24 மணி நேரமும் என் பெயரில் பதிந்துவிட்டான். சாயங்காலம் லாக்கரைத் திறந்தால் 31 மின்னஞ்சல். எல்லாம் "அன்புள்ள திரு." என்று தொடங்கிய கோபங்கள்.

பிறகு அக்கா சொல்லி, அந்த பிஎச்டி மாணவரே தன் ஷேக்கர் நாட்களை எனக்கு விட்டுக்கொடுத்தார். வயலுக்கு ஈடு என்று நினைத்திருப்பார் போலும். மூன்று மூன்று குடுவையாக இரண்டு சுற்று. முடிவு பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். 33 டிகிரியில் லாக்டேட் குறைந்தது தெளிவு. செல்கள் மூன்று நாள் கூடுதலாகத் தாக்குப்பிடித்ததும் தெளிவு. புரதம் கொஞ்சம் கூடியது, ஆனால் அளவீட்டில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று காட்டும் பிழைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. கூடியது என்று அடித்துச் சொல்ல இடமில்லை என்று அப்படியே எழுதினேன். நீட்டிப்புப் பருவத்துக்கான கட்டணத்தை 9 விழுக்காடு வரியோடு கட்டினேன். முன்னால் தனியாக எடுத்து வைக்கச் சொன்ன பணம் இதுதான்.

வாய்மொழித் தேர்வு 2025 ஜனவரியில். மைக்கோபிளாஸ்மா கதையை மறைத்துவிடலாமா என்று யோசித்துவிட்டு, கடைசியில் பின்னிணைப்பாக நான்கு பக்கம் எழுதி, பிசிஆர் படத்தோடு வைத்திருந்தேன். தேர்வாளர் வெப்பநிலை வரைபடங்களை ஐந்து நிமிடத்தில் புரட்டிவிட்டு நேரே பின்னிணைப்புக்கு வந்தார். எப்போது சந்தேகம் வந்தது, எதை முதலில் சோதித்தாய், ஏன் மைக்கோபிளாஸ்மாவைக் கடைசியில் சோதித்தாய் என்று மீதி அரைமணி நேரமும் அதிலேயே போனது. பதில் சொல்லச் சொல்ல எனக்கே தைரியம் வந்தது. அது நான் உண்மையில் செய்த வேலை. வெளியே வந்ததும் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். "நா அப்பவே சொன்னேன்ல" என்று பதில் வந்தது. எதைச் சொன்னார் என்று தெரியவில்லை; எல்லாவற்றையும்தான் சொன்னார்.

பட்டமளிப்பு அன்று இரவு ஷிஃப்ட், மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. சான்றிதழைப் பின்னால் ஒரு நாள் கவுண்டரில் வாங்கினேன், இரண்டே நிமிடத்தில். பத்திரமாக ஊரில் இருக்கட்டும் என்று கெட்டி உறையில் ஒட்டி, விடுப்பில் போன அறைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். அவனும் திருவாரூர்க்காரன்தான், இந்த வேலையையாவது சரியாகச் செய்தான்.

போன ஞாயிறு அப்பா வீடியோவில் வந்தார். உறையைக் கேமராவுக்கு நேரே பிடித்தார்.

"ஒட்டியிருக்கு. பிரிக்கலாமா, கூடாதா? நீயே சொல்லு."

"பிரிங்கப்பா."

கத்தரிக்கோலால் ஓரத்தை மட்டும் நறுக்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். என் பெயரும் அவர் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுதாக அச்சாகியிருந்தன. திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். முகம் மாறியது.

"ஏண்டா, இதுல எஸ்ஸைக் காணோமே. மறுபடியும் ஆபீசுக்கு அலையணுமா?"